பலர் தந்த வேர்டு கோப்புகளை ஒரே நூலாகச் சேர்ப்பது எப்படி?

கல்லூரிக் கருத்தரங்கு முடிந்ததும் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கும் பொறுப்பு யார் தலையிலாவது விழும். பெரும்பாலும் துறையிலேயே இளையவர் தலையில். மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலுமாகக் கோப்புகள் வந்து குவியும். ஒருவர் லதா எழுத்துருவில் 14 அளவில் அனுப்பியிருப்பார். இன்னொருவர் நிர்மலாவில் 11. மூன்றாமவர் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து, தலைப்பை ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டியே நடுவுக்குக் கொண்டுவந்திருப்பார். இவற்றையெல்லாம் ஒரு புதிய கோப்பில் வரிசையாக நகலெடுத்து ஒட்டினால் வரி இடைவெளி மாறும், முதல் கட்டுரையின் எண் பட்டியல் மூன்றாம் கட்டுரையில் தொடரும், பாமினிக் கட்டுரை ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். பிறகு ஒவ்வொரு பக்கமாகக் கையால் திருத்த உட்கார்ந்தால் நாள்கணக்கில் இழுக்கும்.

ஒட்டுவதுதான் வேலை என்று நினைப்பதால் வரும் தொல்லை இது. ஒட்டுவது கடைசியில் வரும் ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைச் செய்துவிட்டால், ஒட்டிய பிறகு திருத்த அதிகம் இருக்காது.

கணினியில் நிறுவப்பட்ட, ஆங்கில மெனு உள்ள மைக்ரோசாஃப்ட் வேர்டை வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். மெனுக்களின் பெயர்களை அவை ஒலிக்கிறபடியே தருகிறேன். கைப்பேசியில் உள்ள வேர்டில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

எதைக் காப்பாற்றப் போகிறீர்கள்?

'வடிவம் மாறக்கூடாது' என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த வடிவம் என்று கேட்டால் பதில் வராது. ஒரு கட்டுரையில் இரண்டு வகை வடிவம் இருக்கிறது. நூற்பெயரைச் சாய்வெழுத்தில் வைத்தது, கலைச்சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டியது, செய்யுளைத் தனி அடிகளாகப் பிரித்தது, அடிக்குறிப்பு, அட்டவணை ஆகியவை பொருளோடு ஒட்டியவை. அவற்றில் ஒன்று போனாலும் கட்டுரையாளர் சொன்னதில் ஒரு பகுதி போய்விடும். எழுத்துரு எது, அளவு என்ன, வரிகளுக்கு இடையே எவ்வளவு இடம் என்பவை அவருடைய கணினியில் அன்றைக்கு அமைந்தவை. வேர்டு 2007இலிருந்து பல ஆண்டுகள் கலிப்ரிதான் தானாக வரும் எழுத்துருவாக இருந்தது. 2023இல் அதன் இடத்துக்கு ஆப்டோஸ் வந்தது. கட்டுரையாளர் கலிப்ரியைத் தேர்ந்தெடுக்கவில்லை, அது தானாக வந்தது. அதைக் கட்டிக்காக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

ஆகவே முதல் வகையை ஒன்றுகூட விடாமல் காப்பாற்றுங்கள், இரண்டாம் வகையைத் தயங்காமல் துறந்துவிடுங்கள். தொகுப்பு நூலுக்கு இதுதான் சரியான முடிவு.

சில நேரம் தேவை வேறாக இருக்கும். ஒப்பந்தப்புள்ளியோடு இணைக்கும் ஆவணங்கள், சான்றிதழ்கள், கையொப்பமிட்ட கடிதங்கள் போன்றவை ஒவ்வொன்றும் இருந்தது இருந்தபடியே ஒரே கோப்பில் வர வேண்டும் என்றால் வேர்டில் சேர்க்கவே வேண்டாம். ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக்கி, பிடிஎஃப்களை இணைத்துவிடுங்கள். பக்கம் ஒரு இம்மியும் நகராது. இதற்கு வேர்டோடு மல்லுக்கட்டுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இன்னொன்று. 'ரிவ்யூ' பட்டையில் 'கம்பேர்' என்பதன் கீழே 'கம்பைன்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரே கட்டுரையை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தியிருந்தால் அந்தத் திருத்தங்களை ஒன்றுசேர்க்கும் கருவி அது. வெவ்வேறு கட்டுரைகளை அடுத்தடுத்து அடுக்க அது உதவாது.

மூலத்தைப் பத்திரப்படுத்துங்கள்

வந்த கோப்புகளை 'மூலம்' என்ற ஃபோல்டரில் போட்டு, அதை அப்படியே விட்டுவிடுங்கள். அதன் நகலை 'வேலை' என்ற இன்னொரு ஃபோல்டரில் வைத்துக்கொண்டு அங்கே மட்டும் கை வையுங்கள். கோப்புகளுக்கு நூலில் வரவேண்டிய வரிசைப்படி 01, 02, 03 என்று தொடங்கும் பெயர் கொடுங்கள். வெறும் 1, 2 என்று கொடுத்தால் சில இடங்களில் 10 என்பது 2க்கு முன்னால் வந்து வரிசையைக் கெடுக்கும்.

பழைய டாக் வடிவத்தில் உள்ள கோப்பைத் திறந்தால் மேலே 'கம்பேட்டிபிலிட்டி மோட்' என்று காட்டும். 'ஃபைல்', 'இன்ஃபோ', 'கன்வெர்ட்' என்று போய் அதைப் புதிய வடிவத்துக்கு மாற்றிச் சேமித்துவிடுங்கள். பழையதையும் புதியதையும் கலந்தால் அட்டவணைகளும் படங்களும்தான் முதலில் இடம் மாறும்.

பிறகு ஒரு தாளில் கோப்புவாரியாகக் கணக்கு எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை சொற்கள், எத்தனை அடிக்குறிப்புகள், எத்தனை படங்கள், எத்தனை அட்டவணைகள். 'ரிவ்யூ' பட்டையில் 'வேர்டு கவுன்ட்' சொற்களைச் சொல்லிவிடும். இதை வீண் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. நூல் அச்சாகி வந்த பிறகு 'என் கட்டுரையில் மூன்றாம் அட்டவணையைக் காணோம்' என்று ஒரு பேராசிரியர் தொலைபேசியில் அழைக்கும்போது இதன் அருமை தெரியும்.

தாய்க் கோப்பை முதலில் அமையுங்கள்

எல்லாக் கட்டுரைகளும் வந்து சேரப்போகும் கோப்பைத் தாய்க் கோப்பு என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு சொல்கூட ஒட்டுவதற்கு முன் அதன் தாள் அளவையும் ஸ்டைல்களையும் முடித்துவிட வேண்டும்.

தாள் அளவை 'லேஅவுட்' பட்டையில் 'சைஸ்' என்பதில் அமைக்கலாம். நூல் டெம்மி அளவில் அச்சாகப் போகிறது என்றால் இப்போதே ஐந்தரைக்கு எட்டரை அங்குலம் என்று வைத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் ஏ4 தாளிலிருந்து டெம்மிக்கு மாற்றினால் அகலமான அட்டவணைகள் தாளுக்கு வெளியே போய் நிற்கும். அச்சகத்தாரிடம் அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அடுத்தது ஸ்டைல். வேர்டில் 'ஹோம்' பட்டையின் வலப்பக்கம் 'நார்மல்', 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்று வரிசையாக இருப்பவைதாம் இவை. ஒவ்வொரு பத்தியும் ஏதோ ஒரு ஸ்டைலைச் சார்ந்தே இருக்கிறது. நீங்கள் தொடாவிட்டால் அது நார்மல். இரண்டு கோப்புகளைச் சேர்க்கும்போது, இரண்டிலும் ஒரே பெயருள்ள ஸ்டைல் இருந்தால் வழக்கமாகத் தாய்க் கோப்பில் உள்ள விதியே வெல்லும். வந்த கோப்பில் நார்மல் என்பது 14 அளவாக இருந்திருக்கலாம். தாய்க் கோப்பில் 11 என்றால் உள்ளே வந்ததும் 11 ஆகிவிடும். 'ஒட்டியதும் எல்லாம் மாறிவிட்டது' என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான். தாய்க் கோப்பு ஒழுங்காக இருந்தால் இதே விதி நமக்குச் சாதகமாகிவிடும். வருகிற கட்டுரையெல்லாம் தானாக நம் வடிவத்துக்கு வந்துவிடும்.

என்னென்ன ஸ்டைல்கள் வேண்டும்? கட்டுரைத் தலைப்புக்கு ஹெடிங் 1, உள்தலைப்புக்கு ஹெடிங் 2, உடல்பகுதிக்கு 'பாடி டெக்ஸ்ட்', அடிக்குறிப்புக்கு ஏற்கெனவே உள்ள 'ஃபுட்நோட் டெக்ஸ்ட்'. இவற்றோடு கட்டுரையாளர் பெயர், மேற்கோள், செய்யுள் என்று மூன்றைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளுங்கள். உடல்பகுதிக்கு நார்மலையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். மற்ற பல ஸ்டைல்கள் நார்மலை அடிப்படையாகக் கொண்டவை. அதில் ஒன்றை மாற்றினால் அட்டவணையிலும் அடிக்குறிப்பிலும் எதிரொலிக்கும்.

தமிழில் எழுதுபவர்கள் மட்டும் சந்திக்கும் சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது. ஸ்டைலின் மேல் வலது கிளிக் செய்து 'மாடிஃபை', பிறகு கீழே 'ஃபார்மட்', 'ஃபான்ட்' என்று போனால் வரும் பெட்டியில் எழுத்துருவுக்கு இரண்டு இடங்கள் இருக்கும். மேலே 'லத்தீன் டெக்ஸ்ட்', கீழே 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்'. யூனிகோட் தமிழை, அதாவது எந்த எழுத்துருவுக்கு மாற்றினாலும் தமிழாகவே நிற்கும் பொதுக் குறியீட்டில் அடித்த தமிழை, வேர்டு இந்த இரண்டாம் வகையில் சேர்க்கிறது. மேலே மட்டும் எழுத்துருவையும் அளவையும் மாற்றிவிட்டு ஓகே கொடுத்தால் ஆங்கிலச் சொற்களும் எண்களும் மாறும், தமிழ் அசையாது. எத்தனை முறை மாற்றினாலும் லதாவே திரும்பத் திரும்ப வருகிறது என்று சிலர் சலித்துக்கொள்வது இதனால்தான். இரண்டு இடத்திலும் எழுத்துரு, அளவு, தடிப்பு மூன்றையும் கொடுங்கள். கீழ்ப்பகுதியே தெரியவில்லை என்றால் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'லாங்குவேஜ்' என்று போய்த் தமிழைச் சேர்த்துவிட்டு வேர்டை மூடித் திறந்தால் தெரியும்.

செய்யுள் ஸ்டைலுக்கு இடப்பக்க ஒழுங்கு வையுங்கள். இருபக்கமும் சமமாக நிரவும் 'ஜஸ்டிஃபை' கூடாது. உடல்பகுதி நிரவலில் இருக்கும்போது அதிலேயே ஒரு குறளை அடித்து, முதல் அடியின் முடிவில் ஷிஃப்ட் எண்டர் தட்டிப் பாருங்கள். முதல் அடியின் நான்கு சீர்களும் ஒன்றையொன்று விட்டு விலகிப் பக்கத்தின் அகலம் முழுதும் பரந்து நிற்கும். இரண்டாம் அடியின் மூன்று சீர்களும் இடப்பக்கம் ஒடுங்கிக் கிடக்கும். இலக்கியக் கட்டுரைத் தொகுப்புகளில் பக்கத்துக்குப் பக்கம் இந்தக் கோலத்தைப் பார்க்கலாம். செய்யுளுக்கென்று தனி ஸ்டைல் இருந்தால் ஒரே கிளிக்கில் தீர்ந்துவிடும்.

பாமினியையும் மற்றப் பழைய எழுத்துருக்களையும் என்ன செய்வது?

இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் வரும் கட்டுரைகளில் பாமினி இன்றும் உண்டு. தமிழகத்தில் வானவில் எழுத்துருக்களும், டேம், டேப், டிஎஸ்சி என்று பெயர் தொடங்கும் எழுத்துருக்களும் பழைய கோப்புகளில் வரும். டேம், டேப் இரண்டும் 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு அறிவித்த குறியீட்டு முறைகள். 2010இல் அரசு யூனிகோடுக்கு வந்துவிட்டது. ஆனால் கட்டுரையாளரின் கணினி அரசாணையைப் படிப்பதில்லை.

பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது, கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுவது எழுத்துரு மட்டுமே. அதனால் தாய்க் கோப்பின் ஸ்டைல் வந்து எழுத்துருவை மாற்றிய நொடியில் முகமூடி கழன்று ஆங்கில எழுத்துகள் வெளியே வந்துவிடும். இந்த வகைக் கட்டுரைகளைச் சேர்ப்பதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். சேர்த்த பிறகு மாற்றலாம் என்று தள்ளிப்போட முடியாது.

கண்டுபிடிப்பது எளிது. உரைக்குள் கர்சரை வைத்து, 'ஹோம்' பட்டையில் எழுத்துருவின் பெயரைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு வரியைத் தெரிவு செய்து ஏரியலுக்கு மாற்றுங்கள். தமிழாகவே நின்றால் யூனிகோட். குழப்பமான ஆங்கிலமாக மாறினால் பழையது. உடனே கண்ட்ரோல் இசட் அழுத்தி மீட்டுவிடுங்கள். ஒரே கட்டுரையில் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு: பாமினியில் அடித்த கட்டுரைக்கு நடுவே இணையத்திலிருந்து எடுத்த யூனிகோட் மேற்கோள். ஆகவே ஆங்காங்கே சோதியுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் பல வெறும் உரையை மட்டுமே வாங்கி, வெறும் உரையையே திருப்பித் தரும். தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் அங்கே காணாமல் போகும். அவற்றைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. மாற்றுவதற்கு முன் கண்ட்ரோல் எச் அழுத்தி, தேடும் பெட்டியைக் காலியாக விட்டு, 'மோர்', 'ஃபார்மட்', 'ஃபான்ட்' வழியாக 'போல்ட்' என்று மட்டும் கொடுங்கள். மாற்றும் பெட்டியில் 777^&778 என்று அடியுங்கள். நடுவில் உள்ள இரண்டு குறிகளும் 'தேடியது எதுவோ அதுவே' என்று பொருள்படும். 'ரிப்ளேஸ் ஆல்' கொடுத்தால் தடித்த பகுதி ஒவ்வொன்றும் 777, 778 என்ற எண்களுக்கு நடுவே வந்துவிடும். சாய்வெழுத்துக்கு 555, 556 என்று இதேபோல் செய்யுங்கள். எண்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், மாற்றிகள் வழக்கமாக எண்களைத் தொடுவதில்லை. மற்ற குறிகள் பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகளாக இருக்கக்கூடும். இருந்தாலும் முதலில் ஒரு பத்தியைச் சோதித்துப் பார்த்துவிட்டு முழுதையும் மாற்றுங்கள். கட்டுரையில் அந்த எண்கள் உண்மையிலேயே வருகின்றனவா என்றும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

யூனிகோடில் திரும்ப வந்த பிறகு, அதே பெட்டியில் 'யூஸ் வைல்ட்கார்ட்ஸ்' என்பதை டிக் செய்து, 777(*)778 என்பதைத் தேடி, \1 என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்றும் பெட்டியில் கர்சர் இருக்கும்போது 'ஃபார்மட்', 'ஸ்டைல்' என்று போய் 'ஸ்ட்ராங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எண்கள் மறையும், தடிப்பு திரும்பும். சாய்வெழுத்துக்கு 'எம்ஃபசிஸ்'.

அடிக்குறிப்புகளுக்கு இந்தத் தந்திரம் போதாது. வெறும் உரையாக நகலெடுக்கும்போது குறிப்புகள் வராது. ஆகவே வேர்டு கோப்பை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு குறிப்பின் உரையையும் தனியாக மாற்றி அதே இடத்தில் ஒட்டுவதுதான் வழி. நாற்பது குறிப்புகள் உள்ள கட்டுரை என்றால் அலுப்பான வேலைதான். கட்டுரையாளரிடமே யூனிகோடில் கேட்டுப் பெறுவது முறை. அவர் மூத்தவராக இருந்தால் கேட்கத் தயக்கமாக இருக்கும், அது தெரிகிறது. எப்படியும் மாற்றிய கட்டுரையை அவர் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

ஒவ்வொரு கோப்பையும் சுத்தம் செய்தல்

கோப்பைத் திறந்ததும் கண்ட்ரோல் ஷிஃப்ட் 8 அழுத்துங்கள். பத்திக் குறிகளும் ஸ்பேஸ்களும் டேப்களும் வெளியே தெரியும். இனி வேலை முழுதும் இந்தக் காட்சியிலேயே நடக்கட்டும்.

'டிராக் சேஞ்சஸ்' போட்டு யாராவது திருத்தியிருந்தால், கட்டுரையாளரைக் கேட்டுவிட்டு எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுக்கொண்டோ நீக்கியோ முடித்துவிடுங்கள். ஓரக் குறிப்புகளையும் அழித்துவிடுங்கள். 'இந்த இடம் சரியாக இல்லையே, பார்த்துக்கொள்ளவும்' என்ற நெறியாளரின் குறிப்பு நூலில் அச்சானால் யாருக்கும் நல்லதல்ல. கட்டுரைக்குள்ளேயே தனிப் பொருளடக்கம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

நடுவுக்குத் தள்ளப் போட்ட ஸ்பேஸ்களை நீக்குங்கள். இடைவெளிக்காகத் தட்டிய காலிப் பத்திகளைக் கண்ட்ரோல் எச் வழியாக, 'ஸ்பெஷல்' மெனுவில் 'பாராகிராஃப் மார்க்' என்பதை இருமுறை தேடி ஒருமுறையாக மாற்றினால் போய்விடும். மாற்ற ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை திரும்பத் திரும்பக் கொடுங்கள்.

இப்போது ஸ்டைல்களைப் பூசுவது. தாய்க் கோப்பில் வைத்த அதே பெயர்கள்தாம் இங்கும் வர வேண்டும். இல்லாத ஸ்டைல்களை 'மேனேஜ் ஸ்டைல்ஸ்' பெட்டியில் உள்ள 'இம்போர்ட்' பொத்தான் வழியாகத் தாய்க் கோப்பிலிருந்து கொண்டுவரலாம். உடல்பகுதிப் பத்திகளைத் தெரிவு செய்து பாடி டெக்ஸ்டைக் கிளிக் செய்யுங்கள். அப்போது வேர்டு ஒரு சூட்சுமமான விதியைப் பின்பற்றுகிறது. கட்டுரையாளர் கையால் போட்ட எழுத்துருவோ தடிப்போ பத்தியின் பாதிக்கு மேல் பரவியிருந்தால், பத்திக்கே உரியது என்று எண்ணி அதை அகற்றிவிடும். பாதிக்குக் குறைவான இடத்தில் இருந்தால், வேண்டுமென்றே செய்தது என்று எண்ணி விட்டுவைக்கும். நமக்குத் தேவையானதும் ஏறக்குறைய அதுவே: பத்தி முழுதும் இருந்த லதா போகும், நடுவில் இருந்த சாய்ந்த நூற்பெயர் தங்கும். ஆனால் பத்தி முழுதுமே சாய்வெழுத்தில் இருந்த மேற்கோள் நிமிர்ந்துவிடும். அப்படிப்பட்ட பத்திகளை முன்பே கண்டுபிடித்து, அவற்றுக்கு மேற்கோள் ஸ்டைலைக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் தெரிவு செய்து கண்ட்ரோல் ஸ்பேஸ் அழுத்தச் சொல்லிச் சிலர் கற்றுத் தருகிறார்கள். கையால் போட்ட எழுத்து வடிவம் எல்லாம் அதனால் போகும் என்பது உண்மை. காப்பாற்ற வேண்டிய தடிப்பும் சாய்வும் சேர்ந்தே போகும். அதைச் செய்யாதீர்கள்.

படங்களைப் பொறுத்தவரை ஒரே விதி போதும்: ஒவ்வொரு படத்தையும் கிளிக் செய்து, 'ராப் டெக்ஸ்ட்' என்பதில் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' என்று வையுங்கள். மிதக்க விட்ட படங்கள் சேர்க்கும்போது எந்தப் பக்கத்தில் போய் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சேர்ப்பது

தாய்க் கோப்பைத் திறந்து கர்சரை இடத்தில் வையுங்கள். 'இன்செர்ட்' பட்டையில் வலப்பக்கம் 'ஆப்ஜெக்ட்' என்று ஒன்று இருக்கும். அதை நேரடியாக அழுத்தாமல், பக்கத்தில் உள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தினால் 'டெக்ஸ்ட் ஃப்ரம் ஃபைல்' என்று வரும். அதில் 01 கோப்பைத் தேர்ந்தெடுத்து 'இன்செர்ட்' கொடுங்கள். கட்டுரை, அடிக்குறிப்புகளோடு உள்ளே வந்துவிடும். பல கோப்புகளை ஒரே நேரத்தில் தேர்ந்தெடுக்கவும் முடியும். என் பரிந்துரை, ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒன்றைச் சேர்த்ததும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, வேறு பெயரில் சேமித்துவிட்டு, அடுத்ததற்குப் போங்கள். ஏழாவது கட்டுரையில் குழப்பம் வந்தால் ஆறாவது வரை உள்ள கோப்பு கையில் இருக்கும்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் முன்னால் 'லேஅவுட்', 'பிரேக்ஸ்' என்று போய்ப் பிரிவு முறிப்பு ஒன்று போடுங்கள். புதிய பக்கத்தில் தொடங்க 'நெக்ஸ்ட் பேஜ்'. நூல் மரபுப்படி ஒவ்வொரு கட்டுரையும் வலப்பக்கத்தில் தொடங்க வேண்டுமானால் 'ஆட் பேஜ்'.

இந்தப் பிரிவு முறிப்பைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தாள் அளவு, ஓரம், தலைப்பட்டி (ஹெடர்) எல்லாம் முறிப்புக் குறிக்குள் இருக்கின்றன; அந்தக் குறி தனக்கு முன்னால் உள்ள பகுதியை ஆளுகிறது. குறியை அழித்தால் முன்பகுதி பின்பகுதியின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். ஒரு கட்டுரையாளர் அகலமான அட்டவணைக்காக ஒரு பக்கத்தைப் படுக்கவைத்திருந்தால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள முறிப்புகளைத் தொடாதீர்கள். முன்னால் உள்ளதை அழித்தால் கட்டுரையே படுத்துவிடும், பின்னால் உள்ளதை அழித்தால் படுத்த பக்கம் நிமிர்ந்துவிடும்.

கோப்பின் கடைசிப் பிரிவுக்கு இப்படி ஒரு முறிப்புக் குறி கிடையாது. அதனால் அதன் தாள் அளவும் தலைப்பட்டியும் சேர்க்கும்போது கூட வருவதில்லை. தொகுப்பு நூலுக்கு அது நல்லதே. ஏதோ ஓர் இணைப்பை மட்டும் அதன் சொந்த அமைப்போடு கொண்டுவர வேண்டுமானால், சேர்ப்பதற்கு முன் அந்தக் கோப்பின் இறுதியில் ஒரு 'நெக்ஸ்ட் பேஜ்' முறிப்பைப் போட்டுச் சேமியுங்கள். பிறகு எல்லாம் கூடவே வரும்.

கோப்பு முழுதாக வேண்டாம், இரண்டு பத்தி போதும் என்றால் நகலெடுத்து ஒட்டலாம். ஒட்டியதும் வரும் சிறு பெட்டியில் 'யூஸ் டெஸ்டினேஷன் ஸ்டைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'கீப் சோர்ஸ் ஃபார்மட்டிங்' என்ற பெயர் கவர்ச்சியாக இருக்கும். அது அந்தக் கோப்பின் தோற்றத்தைச் சுமந்துகொண்டு வந்து தாய்க் கோப்பில் ஸ்டைல்களைப் பெருக்கிவிடும். 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' கொடுத்தால் படமும் அடிக்குறிப்பும் போய்விடும்.

'அவுட்லைன்' காட்சியில் 'மாஸ்டர் டாக்குமென்ட்' என்று ஒரு வசதி இருப்பதைச் சிலர் கவனித்திருப்பார்கள். தனிக் கோப்புகளைத் தனியாகவே வைத்துக்கொண்டு ஒரே நூலாகக் காட்டுவது அதன் நோக்கம். கோப்புகளைச் சிதைத்துவிடும் என்ற கெட்ட பெயர் அதற்கு நெடுங்காலமாக உண்டு. புதியவர்கள் ஒதுங்கிவிடுவது நல்லது.

சேர்த்த பிறகு

எண் பட்டியல்களை முதலில் பாருங்கள். முந்தைய கட்டுரையின் பட்டியல் 5இல் முடிந்து அடுத்தது 6இல் தொடங்கியிருந்தால், அந்த எண்ணின் மேல் வலது கிளிக் செய்து 'ரீஸ்டார்ட் அட் 1' கொடுங்கள்.

அடிக்குறிப்பு எண்கள் நூல் முழுதும் தொடர்ச்சியாக ஓடும். கட்டுரைதோறும் 1இலிருந்து தொடங்க வேண்டுமானால் 'ரெஃபரன்சஸ்' பட்டையில் ஃபுட்நோட் பகுதியின் மூலையில் உள்ள சிறு அம்பை அழுத்தி, எண்ணிடுதலில் 'ரீஸ்டார்ட் ஈச் செக்‌ஷன்' என்று வைத்து, முழு ஆவணத்துக்கும் பொருந்துமாறு கொடுங்கள். இறுதிக்குறிப்பாக எழுதியிருந்தால் அதே பெட்டியில் 'எண்ட் ஆஃப் செக்‌ஷன்' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் எல்லாக் கட்டுரைகளின் குறிப்புகளும் நூலின் கடைசியில் போய்க் குவியும். இதற்காகத்தான் கட்டுரைக்கொரு பிரிவு வைத்தோம்.

பக்கத்தின் மேலே அந்தந்தக் கட்டுரையின் தலைப்பு வரவேண்டும் என்று தொகுப்பாசிரியர்கள் விரும்புவார்கள். ஒவ்வொரு பிரிவிலும் 'லிங்க் டு ப்ரீவியஸ்' என்பதை அணைத்துத் தலைப்பைத் தனித்தனியாக அடிப்பது ஒரு வழி. அதைவிட எளிய வழி உண்டு: தலைப்பட்டிக்குள் கர்சரை வைத்து, 'இன்செர்ட்', 'குயிக் பார்ட்ஸ்', 'ஃபீல்ட்' என்று போய், 'ஸ்டைல்ரெஃப்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஹெடிங் 1ஐக் காட்டுங்கள். எந்தக் கட்டுரையின் பக்கமோ அந்தத் தலைப்பு தானாக வந்து நிற்கும். பிறகு கட்டுரையாளர் தலைப்பை மாற்றினாலும் கவலை இல்லை.

பக்க எண் ஏதாவது ஒரு கட்டுரையில் திடீரென்று 1 என்று தொடங்கினால், அந்த எண்ணின் 'ஃபார்மட் பேஜ் நம்பர்ஸ்' பெட்டியில் 'கன்டினியூ ஃப்ரம் ப்ரீவியஸ் செக்‌ஷன்' என்று மாற்றுங்கள். பொருளடக்கத்தைக் கடைசியில் 'ரெஃபரன்சஸ்' பட்டையிலிருந்து உருவாக்குங்கள். தலைப்புகள் ஹெடிங் 1இல் இருப்பதால் அது தானாக அமையும். பின்னால் ஏதாவது திருத்தினால் கண்ட்ரோல் ஏ, பிறகு எஃப்9 அழுத்தினால் பக்க எண்கள் புதுப்பிக்கப்படும்.

இனி அந்தத் தாளை எடுங்கள். கோப்புவாரியாக எழுதிய சொற்களைக் கூட்டி, தாய்க் கோப்பின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். தனிப் பொருளடக்கம் போன்றவற்றை நீக்கியதால் சிறு வேறுபாடு இருக்கும். நூற்றுக்கணக்கில் குறைந்தால் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது என்று பொருள். அடிக்குறிப்பு, படம், அட்டவணை எண்ணிக்கை கட்டாயம் பொருந்த வேண்டும்.

அச்சகத்துக்கு வேர்டு கோப்பை அனுப்பாதீர்கள். அங்குள்ள கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்காரும், பக்கங்கள் நகரும், பொருளடக்கம் பொய்யாகும். 'சேவ் ஆஸ்' வழியாகப் பிடிஎஃப் எடுத்து, உங்கள் எழுத்துருக்கள் இல்லாத வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ அதைத் திறந்து, பாமினியிலிருந்து மாற்றிய கட்டுரைகளையும் செய்யுள் மேற்கோள்களையும் மட்டுமாவது வரிவரியாகப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.